வேலிக்கு முன் கம்பி தேடுபவர்

ஜனார்த்தன் அங்கிள் கனடாவில், ஸ்காபரோவில் வேலி போடுகிறவர். யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டையால் உடன்பிறந்தவர்களே பேசாமல் போனதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். நில அளவையாளர்கள் காணி மூலையில் புதைத்த இரும்புக் கம்பியை முதலில் தோண்டி எடுத்துக் காட்டுவார். அதற்குமுன் ஒரு தூணும் இறங்காது.

அங்கேயே மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, அடுத்தது என்னவென்று தெரியாமல் இருந்த நான் அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு வேரோனிக்காவுக்கும் நடுவில் மொழிபெயர்க்க நின்றேன். வேரோனிக்கா அனிஷினாபே பெண். வெள்ளையர் வருமுன்பே இங்கே வாழ்ந்த மக்கள் அவருடையவர்கள். அவருடைய ராஸ்பெரிச் செடிகள் நின்ற ஓரம் தன்னுடையது, பிடுங்கிவிட்டு வேலி போட வேண்டும் என்றார் அப்பா.

கம்பி செடிகளுக்கு இந்தப் பக்கம், எங்கள் புல்லுக்குள் கிடைத்தது. செடிகள் நின்ற ஓரம் வேரோனிக்காவின் காணிதான்.

“இருபது வருசமா நான்தான் உதில புல்லு வெட்டுறன். உமக்கு ஏலாட்டி வேற ஆளைக் கூப்பிடுறன், தம்பி,” என்றார் அப்பா.

அங்கிள் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டார். “வலிகாமத்தில எங்கட காணியைப் பிடிச்சு வச்சிருக்கிற ஆமியும் முப்பது வருசமா அதில புல்லு வெட்டுது, அண்ணை.”

என்ன பேச்சு என்று கேட்ட வேரோனிக்காவுக்குச் சொன்னேன். சிரித்தார். தன் ஆட்கள் இழந்ததோடு பார்த்தால் இந்த ஓரம் ஒன்றுமில்லை, ஆனால் தனக்கு ராஸ்பெரி பிடிக்கும் என்றார். பிறகு கம்பியைக் காட்டிச் சொன்னார். ஆங்கிலேய அரசு 1790களிலேயே இங்கே கோடு கிழித்து, குடியேற வந்தவர்களுக்குக் காணி பிரித்துக் கொடுத்ததாம். நிலத்தை வாங்கியதற்கு அரசின் கையில் இருந்தது, எவ்வளவு நிலம் என்றுகூட எழுதப்படாத ஒரு வெற்றுப் பத்திரம். சரியான உடன்படிக்கை என்று வந்தது 1923இல்; அதிலும் அவருடைய ஆட்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகள் போய்விட்டன.

அங்கிள் அந்தக் கம்பியைப் புதிதாகப் பார்ப்பவர்போலக் குனிந்தார். இத்தனை வருடமும் இப்படிப்பட்ட கம்பிகளை நம்பித்தான் வேலி போட்டிருக்கிறார்.

“அளக்கேக்க இவவின்ர ஆக்கள் ஆரும் நிண்டு பாத்தவையோ எண்டு கேள்,” என்றார் என்னிடம்.

கேட்டேன்.

“பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை,” என்றார் வேரோனிக்கா.

வேலி போகும் கோட்டைக் குறிக்கிற நூலை அங்கிள் எடுத்தார். வழக்கமாகத் தானே கட்டுகிறவர், ஒரு முனையை வேரோனிக்காவிடம் நீட்டினார். எங்கே பிடிப்பதென்று அவவே சொல்லட்டும் என்றார். வேரோனிக்கா நேராகக் கம்பிக்கு மேலே பிடித்தார்.

மறுமுனை புல்லில் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா குனிந்து அதை எடுத்தார்.