மூன்றாவது பெயர்

மைதாப் பசையின் வாசம், கல்லூரித் தேர்தலில் சுவரொட்டி ஒட்டித் திரிந்த என்னைக் கூட்டிவருகிறது. அரவேணுவில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். எதிர்ச்சுவரில் இரண்டு முகங்கள் இன்னும் ஈரமாக இருக்கின்றன. கட்சியின் அடுத்த மாவட்டத் தலைவர் காண்ட்ராக்டரா, வக்கீலா என்று டீக்கடை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பெஞ்சின் ஓரத்தில் கிளைச் செயலாளர் ராஜம்மா, எஸ்டேட்டில் அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறார்.

“உங்க ஓட்டு யாருக்குங்க?” என்கிறேன்.

“எனக்குத்தானுங்க.”

பிளாஸ்டிக் பையில் சுற்றிய வேட்புமனுவைக் காட்டுகிறார். மூன்று மணிக்குள் ஊட்டியில் கொடுத்தாக வேண்டும்.

“அக்காவுக்கு அந்த ஒத்த ஓட்டுத்தானுங்க!” என்கிறார் கடைக்காரர். பெஞ்சே சிரித்துக் குலுங்குகிறது.

ஊட்டிப் பேருந்து வருகிறது. படியில் கால் வைத்தபடி ராஜம்மா திரும்புகிறார்.

“ஒண்ணே விழட்டுமுங்க. முடிவு வாசிக்கறப்ப எம் பேரையும் வாசிச்சுத்தானே ஆகோணும்!”