திரை திரும்பும்போதெல்லாம் ஓர் இருக்கை

அந்தக் கணினி நிரலில் ஒரு வரி தவறான இடத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ‘சரி’ என்று ஒப்புதல் கொடுத்தேன். எழுதியவர்மீது எனக்கிருந்த பொறாமையைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் உள்ள கப்பல் பட்டறை ஒன்றின் தொழிலாளர்களுக்கான பேருந்துச் செயலியை எங்கள் சிறிய நிறுவனம் நடத்திவந்தது. காலையில் பூன் லே நிலையத்தில் ஏறுகிறவர்கள் முந்தின நாளே கைப்பேசியில் இருக்கையைப் பதிவுசெய்ய வேண்டும். ஆறு ஆண்டுகள் அது என் பொறுப்பில் இருந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயதானபோது கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தார். இரண்டே மாதத்தில் முழுவதையும் மாற்றி எழுதினார்.

“திரையை வரையற இடம் வரையறதை மட்டும் செய்யணுங்க. சர்வருக்கு அனுப்பறது, சேமிக்கறது மாதிரி பக்கவிளைவெல்லாம் தனியா ஒரு இடத்துல இருக்கணும்” என்று எல்லோருக்கும் விளக்கினார்.

என் நிரலில் எல்லாம் கலந்து கிடந்தது. மேலாளர் உள்ளூர்த் தமிழர். என்னைவிட இருபது வயது இளையவர். “அங்கிள், இத்தனை வருஷமா இது நமக்குத் தோணவே இல்லையே லா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சந்தேகம் கேட்க யாரும் என் மேசைக்கு வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் போகும் சாக்கில், அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவருவேன். அவர் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை மற்றவர்கள் பங்குபோட்டுச் சாப்பிட்டதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவசர மாற்றம் ஒன்றை எழுதி என் பார்வைக்கு அனுப்பினார். இருக்கை கேட்டு சர்வருக்கு அனுப்பும் வரி, திரையை வரையும் பகுதிக்குள் இருந்தது. அவர் சொன்ன விதியை அவரே மீறியிருந்தார். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் திரை மறுபடி வரையப்படும். ஒவ்வொரு முறையும் இன்னோர் இருக்கை பதிவாகும். மேற்பார்வையாளர் ஒருவரே பலருக்குப் பதிவுசெய்வதுண்டு என்பதால் சர்வரும் தடுக்காது. அலுவலகத்தில் சோதிக்கும் கைப்பேசிகள் மேசையில் அசையாமல் கிடப்பவை. தொழிலாளர்களின் கைப்பேசிகள் அப்படியல்ல. எல்லாம் ஒரே நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன்.

திங்கட்கிழமை காலை பட்டறையிலிருந்து அழைப்பு. “பஸ்ஸு பாதி காலியாப் போவுது, ஆப்பு ஃபுல்லுங்குது! ஆளுங்க எல்லாம் ரோட்டுல நிக்குறாங்க!”

அந்தப் பெண்ணே தவறைக் கண்டுபிடித்து உடனே திருத்தினார். ஆனால் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. “இவங்கள வெச்சுக்கறதான்னு யோசிக்கிறேன் அங்கிள்” என்றார் மேலாளர். “உங்க இஷ்டம்” என்றேன். அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் மின்தூக்கியில் அந்தப் பெண் என்னிடம் சொன்னார்: “உங்க கண்ணுக்கே அது படல சார். அதை நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன்.”

நான்கு நாட்கள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பட்டறைக்கு அனுப்பவேண்டிய விளக்க அறிக்கையில், ‘சரிபார்த்தவர் தவறைக் கண்டார்; வேண்டுமென்றே சொல்லவில்லை’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

“என்ன அங்கிள், இத எப்படி அனுப்புறது?”

“அப்படியே அனுப்புங்க. அந்தப் பொண்ணைப் போகவிட்டா, தப்பான ஆளை அனுப்புறீங்க.”

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அந்தப் பெண்ணைச் சந்தித்து நானே சொன்னேன். கையில் காய்கறிப் பையோடு நின்றார்.

“பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேம்மா.”

“அப்புறம் ஏன்?”

“பொறாமை. மன்னிச்சிடும்மா.”

“எங்க பொண்ணை ஸ்கூல்லேர்ந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பறதாப் பேசிட்டு இருந்தோம்” என்றார். கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அவருடைய அனுமதி புதுப்பிக்கப்பட்டது. தன் நிரலை இனி நான் பார்க்கக்கூடாது என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டார், கேட்டது கிடைத்தது. வேறொருவர் பார்த்துக் குறிப்பெழுதினார். ஓய்வுபெறும்வரை அந்தக் குறிப்புகளைத் தினமும் திறந்து படித்தேன். ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பெண் நன்றி சொல்லியிருப்பார். குறிப்பெழுதியவர்மீது எனக்குப் பொறாமையாக இருந்தது.