வீட்டுக்குள்ளே டைனமோ

டைனமோ கட்டுகிற தொழிலில் முதலில் பிரிந்து கிடப்பது டைனமோ இல்லை, வீடு.

வீட்டிலேயே தொழில் வைத்துக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ரவிக்கை தைத்தாலும் சரி, அப்பளம் இட்டாலும் சரி, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாலும் சரி, நாமெல்லாம் ஒரே சாதி. கடைக்குக் கதவு உண்டு, சாத்தலாம். வீட்டுக் கதவைச் சாத்தினால் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுக்கொண்டு பின்பக்கமாக வருவார்கள். கையில் டைனமோ இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ரேணிகுண்டாவில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாக்கப்பட்டது நகரியில். வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்குப் பவர்லூம். அப்போதுதான் ஊரில் புதுப்புது வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. பையன்கள் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போக ஆரம்பித்திருந்தார்கள். போனவர்கள் விட்டுப்போன கனமான பழைய மோட்டார் சைக்கிள்களை அப்பன்மாரும் தம்பிமாரும் மாட்டுக்கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் ‘பெரிய வண்டி’ என்றுதான் பேர். உதைத்தால் கிளம்பிவிடும். லைட்டுதான் எரியாது. என்ஜினோடு சேர்ந்து சுற்றி பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கிற டைனமோ, செம்பு அளவுக்கு இருக்கும், அது செத்துப்போயிருக்கும். அப்படித்தான் என் சமையலறைக்கு வேலை வந்தது.

இட்லிப் பானை

முதலில் கட்டியது வீட்டுக்காரருடைய அண்ணன் வண்டி டைனமோ. கருகிப்போன பழைய கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றினேன். அதுவரைக்கும் கஷ்டமில்லை. சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கி, சீரான சூட்டில் காயவைக்க வேண்டும். பட்டறையில் அதற்கென்று ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. வீட்டில் என்ன இருக்கிறது? இட்லிப் பானை இருந்தது.

முற்றத்தில் வெயிலில் சொட்டு வடியவைத்து, பானைக்குள் மணலைப் பரப்பி, அதன்மேல் வைத்து மூடி, சின்ன அனலில் விட்டேன். அருமையாகக் காய்ந்தது. அண்ணன் வண்டியில் மாட்டினதும் ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பானையைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வெயிலில் கவிழ்த்தேன். மறுநாள் காலை வீட்டுக்காரர் இட்லியை வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபித்துப் பேசத் தெரியாது. சட்னியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு சொன்னார்: “இட்லி நல்லாத்தான் கீது. துன்னா வாயில லைட்டு எரியுமோன்னுதான் பயமா கீது.”

உள்ளே நடக்கிற வேலை

வருகிறவர்கள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பார்கள், மெக்கானிக் எங்கே என்று. ஆரம்பத்தில் நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். “சரிம்மா, அவரு வந்ததும் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன்.

லூம் ஓடாத ஒரு கரண்ட் கட் நாளில், வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புத்தூரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் நேராக அவரிடம் போய், டைனமோவை மடியில் வைத்துவிட்டு, அதன் வியாதியை ஆதியிலிருந்து சொன்னார். சூடாகிறதாம், சத்தம் போடுகிறதாம், மேட்டில் ஏறும்போது லைட் மங்குகிறதாம். வீட்டுக்காரர் டாக்டர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வாத்தியார், “அப்போ கோளாறு கார்பன் பிரஷ்ஷிலா, கம்பிக் காயிலிலா?” என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார்: “அதெல்லாம் உள்ள நடக்கிற வேலைங்க. நான் வெளிய மட்டும்தான் பாக்கறது.”

குவைத்திலிருந்து வந்த கேள்வி

பக்கத்துக் கிராமத்துச் சரோஜாவின் புருஷன் வெங்கடேசன் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். போகிற வாரத்தில், தன் பெரிய வண்டியிலிருந்து டைனமோவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அவசரமில்லை அக்கா, நான் திரும்பி வருகிறதற்குள் கட்டி வையுங்கள் என்றான். அவன் அப்பா காலத்து வண்டி இல்லை அது. கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்துத் தானே வாங்கியது. அவர்கள் வீட்டில் முதன்முதலாக வாங்கின வண்டி.

வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு லீவு. பஜாரில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணுவான். சரோஜா கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பூத் வாசலில் காத்துக்கொண்டு நிற்பாள். ஒரு வெள்ளிக்கிழமை பூத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. குவைத்தைப் பற்றி அப்போது என்னென்னவோ சொல்வார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் அலமாரியில் இருந்த டைனமோவை முறைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் பேசினாள்: “போன எடுத்ததும் டைனமோ ஆச்சான்னு கேட்டாரு அக்கா. அடுத்து நைனா எப்படி கீறாருன்னு கேட்டாரு. நான் எப்படி கீறேன்னு கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு.”

காயாத வார்னிஷ்

கோடையில் அவளுடைய மாமனார் வண்டியை விற்றுவிட முடிவு பண்ணினார். சும்மா நிற்கிறது, துரு ஏறுகிறது, இடத்தை அடைக்கிறது என்பது அவர் கட்சி. சித்தூரிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது. டைனமோ மாட்டினால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு என்னைத் தேடி வந்தார்.

அவர் வருவதற்கு முந்தின நாளே சரோஜா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்துவிடாதீர்கள், குவைத்திலிருந்து அவர் போனில் ஒரு வார்த்தை சொல்லட்டும், மாமா எதிரில் நான் வாயைத் திறக்க முடியாது என்று அழுதாள். அந்த வாரம் போன் வரவில்லை. டைனமோ எப்போதோ தயாராகி அலமாரியில் இருந்தது. நான் அதன்மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, வார்னிஷ் இன்னும் காயவில்லை என்று சொல்லி அவரை அனுப்பினேன். அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் காயவில்லை என்றேன். நகரி வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். காலையில் பிழிந்த வடாம் மத்தியானம் டப்பாவுக்குள் போய்விடும். என் வீட்டுக்காரர் ஒரு முறை இருமிவிட்டு லூமுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. மாமனாரையும் பூத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வண்டியை விற்றால் நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவது என்று வெங்கடேசன் கேட்டானாம். கிழவர் போனை வைத்துவிட்டு, டீ குடிக்கலாம் வா என்று மருமகளைக் கூப்பிட்டாராம். அதற்கப்புறம் விற்கிற பேச்சே எடுக்கவில்லை. சித்தூர்க்காரர் மறுபடி வந்தபோது நான் உள்ளதைச் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார்: “மொதல்லயே செப்பியிருக்கலாமேம்மா. வெயில்ல காயாத வார்னிஷ் எந்த ஷாப்புல கெடைக்குதுன்னு நான் சித்தூர் பூரா விசாரிச்சுக்கினு கீறேன்.”

பின்சீட்டு

வெங்கடேசன் லீவில் வந்ததும் டைனமோவை வாங்கிக்கொண்டு போய்த் தானே மாட்டினான். மறுநாள் விடியற்காலையில் சரோஜாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திருப்பதி மலையடிவாரத்து அலிபிரிக்குக் கிளம்பிவிட்டான். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு இருவரும் மலையேறி தரிசனம் பண்ணிவிட்டு வந்தார்கள். படி ஏறினது வலிக்கவில்லையாம், வண்டியில் போய்வந்ததுதான் இடுப்பை முறித்துவிட்டதாம். லட்டு கொடுக்க வந்தபோது அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

லீவு முடிந்து அவன் திரும்பிப் போனான். வண்டி சாவி இந்தத் தடவை அவளிடம் இருந்தது. மாமனாரிடம் இல்லை. பழையபடி வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போய்விட்டு என் வீட்டுக்கு வந்தாள். என்ன கேட்டான் என்று நான் கேட்கவில்லை, காபி மட்டும் கலந்து கொடுத்தேன். அவளாகவே சொன்னாள்: “இந்தத் தபா மொதல்ல என்னைத்தான் கேட்டாரு அக்கா. டைனமோ நல்லா கீது இல்ல, அதான்.”

ஊசி போட்டதும் எழுந்தது

சுப்பையா கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். பெரிய வண்டியில்தான் ஊர் ஊராகப் போவார். நாராயணவனம் பக்கத்தில் ஒரு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று கூப்பிட்டார்கள். பொழுது சாய்கிற நேரம். பாதி வழியில் ஹெட்லைட் அணைந்துவிட்டது. மாட்டுக்காரர் தன் டார்ச் லைட்டோடு எதிரில் ஓடி வந்தார். வந்தவர் அப்படியே திரும்பி வண்டிக்கு முன்னால் வெளிச்சம் அடித்துக்கொண்டே ஊர் வரைக்கும் ஓடினார். மாடும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது.

காலையில் கம்பவுண்டர் டைனமோவைக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். கார்பன் சரி, கம்பி சரி, பேரிங் சரி. யாரோ ரிப்பேர் பார்க்கிறேன் என்று சுத்தியால் தட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கிற இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்க வேண்டும். தட்டினால் அது போய்விடும், போனால் கரண்ட் உற்பத்தி ஆகாது. பேட்டரி ஒயரை ஊசி போடுகிற மாதிரி டைனமோவில் ஒரு கண்சிமிட்டும் நேரம் தொட்டு எடுத்தேன். ஒரு பொறி பறந்தது, காந்தம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். மாட்டி உதைத்தார், லைட் எரிந்தது. அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனசு இன்னும் அந்த மாட்டுக் கொட்டகையிலேயே இருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வருத்தமாகச் சொன்னார்: “அந்தாளு கன்னுக்குட்டிக்கு டார்ச்சுன்னு பேரு வெச்சிட்டாரும்மா. என் டைனமோ ஒழுங்கா இருந்திருந்தா, லட்சுமின்னு வெச்சிருப்பாரு.”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: டைனமோவைப் பிரித்து மாட்டிவிடலாம், அதைக் கொண்டுவருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற கதைக்குத்தான் ஸ்பேர் பார்ட்ஸ் எங்கேயும் கிடைப்பதில்லை.