பழசைக் கொடுத்தால் புதுசு

போன வாரம் மிக்ஸி பிளேடு மழுங்கிப்போய், போர்ட் பிளேயர் மரைன் ஹில் இறக்கத்தில் இருக்கிற பாய் கடைக்குப் போனேன். "பழசக் கொண்டாந்தீங்களாண்ணே?" என்றார் பாய். அளவு பார்க்கத்தான் கேட்டார். ஒரு காலத்தில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

அந்தமானின் வடகோடியில், டிக்லிபூரில் ஒரு விவசாய ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஸ்டோரும் நானே, ஃபிட்டரும் நானே. கதிர் அறுக்கும் மெஷின்கள் வரும். முன்னால் நீளமாக ஒரு இரும்புப் பட்டை, அதில் முக்கோண பிளேடுகளை வரிசையாக ரிவெட் அடித்திருக்கும். நடுவில் இருப்பவைதான் முதலில் தேயும். ஓரத்தில் இருப்பவை, சில ஆபீஸ்காரர்களைப் போல, தேயவே தேயாது. மெயின்லாண்ட் கப்பல் வராத மாதங்களில் ஓரத்தைக் கழற்றி நடுவில் போட்டு ஒப்பேற்றுவோம். கிரீஸும் வைக்கோலும் கலந்த அந்த வாசனை, சோறு தின்னும்போதும் கையில் இருக்கும்.

புது பிளேடு வேண்டுமென்றால் பழசைக் கொண்டுவந்து போட வேண்டும் என்பது விதி. பழசெல்லாம் மூலையில் துருப்பிடித்துக் குவிந்து கிடக்கும். சட்டம் பேசுவதில் அப்போது நான் கலெக்டருக்கு அப்பன்.

செல்லையா அண்ணன் ராமநாதபுரத்திலிருந்து தீவுக்கு வந்தவர். குத்தகை வயலில் நெல் போட்டிருந்தார். அறுப்பு நடக்கும்போது ரிவெட் அறுந்து நடுப் பிளேடு ஒன்று சேற்றில் விழுந்துவிட்டது. அது இல்லாமல் ஓட்டினால் மெஷின் கதிரை அறுக்காது, பிடுங்கும். ஓரத்துப் பிளேடுகளை ஏற்கெனவே நடுவுக்கு மாற்றியாகிவிட்டது. மூச்சிரைக்க வந்து நின்றார்.

"புராணா இல்லாம நயா கெடையாதுண்ணே" என்றேன், பழசையும் புதுசையும் ஆபீஸ் இந்தியில் சொல்லி.

"சேத்துக்குள்ள போயிருச்சு தம்பி. அந்தா கெடக்கே குவியலு, அதுல ஒண்ண எடுத்துக் காட்டுனா யாருக்குத் தெரியப்போவுது? நாளைக்கு பாரிஷ் வருதாம், பெருமழ. நெல்லு பூரா படுத்துரும்."

"நியம்னா நியம்தாண்ணே, ரூலு ரூலுதான்."

குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். மறுநாள் மழை கொட்டியது.

மூன்றாம் நாள் வந்தார். காலில் கைலித் துணி சுற்றியிருந்தது. வெறுங்காலால் சேற்றைத் துழாவியிருக்கிறார். கடைசியில் குதிகால்தான் பிளேடைக் கண்டுபிடித்திருக்கிறது. மேஜையில் வைத்து, "இந்தா தம்பி, ஒன்னோட புராணா" என்றார். அதைக் குவியலில் எறிந்துவிட்டு, புதுசை எடுத்து ரிவெட் அடித்துக் கொடுத்தேன். நன்றாகவே அடித்தேன். அதற்குள் நெல் தண்ணீரில் படுத்துவிட்டிருந்தது.

புண் சீழ் வைத்தது. கடல் சரியில்லாமல் கப்பல் தாமதம். போர்ட் பிளேயர் கொண்டுபோனபோது காலைக் கணுக்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று.

மாற்றலாகி இங்கே வந்த பிறகு, டெலானிபூர் ஏற்றத்தில் அவரைக் கக்கத்தில் கட்டையோடு ஒருமுறை பார்த்தேன். "நல்லாருக்கியா தம்பி? ஊருக்குப் போய்ட்டு வந்தியா?" என்று கேட்டார். "ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அழுகையாவது வந்திருக்க வேண்டும், வெட்கமாவது வந்திருக்க வேண்டும். மரத்துப்போன இடத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அந்த நாளை இப்போதும் கிள்ளிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

பாய் பழசு கேட்டுவிட்டு, அது இல்லாமலேயே மிக்ஸி பேரை வைத்து பிளேடு எடுத்துக் கொடுத்துவிட்டார். அரை நிமிஷ வேலை.

செல்லையா அண்ணன் இப்போது இல்லை. அவர் வயலில் பாக்கு நிற்கிறதாம். ஒர்க்‌ஷாப்பும் போய்விட்டது. அந்தக் குவியல் மட்டும் நான் இருக்கும்போதே போனது. பழைய இரும்புக்காரன் லாரி கொண்டுவந்து அள்ளினான். நான்தான் கூட நின்று கையெழுத்துப் போட்டேன். மொத்தமாக எடை போட்டார்கள். எத்தனை பிளேடு என்று ஒருவரும் எண்ணவில்லை.