மகளுக்கு அம்மை போட்ட நாட்கள்

என் உடம்பே என் தோலைத் தாக்கிக் கொப்புளமாக்கும் நோய் எனக்கு. அந்தத் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டும் இன்னொரு மாத்திரையும் சாப்பிட்டு வந்தேன். கொப்புளங்கள் வற்றின. ஆனால் எந்தத் தொற்று வந்தாலும் என் உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அப்போதுதான் என் ஏழு வயது மகளுக்கு அம்மை போட்டது. தாராவியில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. டாக்டர் தடுப்பு மருந்து தந்து, வீட்டில் இருக்கவே கூடாது என்றார். பாண்டுப்பில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அங்கே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்டீராய்டு தரும் படபடப்பா, மகள் நினைப்பா, தெரியவில்லை. அக்கா மடித்து வைத்த துணிகளை உதறி மறுபடி மடித்தேன். அடிக்கடி வீடியோ காலில் மகளைக் கூப்பிட்டேன்.

"அப்பா வேப்பிலையால தடவி விடுதாவ. நீ எப்பம்மா வருவ?"

"ஒனக்கு எல்லாம் காஞ்சதும் வாரேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவசரமா வராத. ஒனக்கும் வந்துரும்லா."

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன்.

மகளுக்குப் பொருக்கெல்லாம் உதிர்ந்து, டாக்டரும் சரி என்ற பிறகே வீடு திரும்பினேன். எனக்கு அம்மை வரவில்லை. மகள் கதவருகிலேயே நின்றாள்.

"தொடலாமாம்மா?" என்று கேட்டாள்.

பையைக் கீழே போட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.