வாயைப் பிளந்த கெளுத்திக் குஞ்சுகள்

எங்கள் புஞ்சைக் குட்டையில் மழைத் தண்ணீர் நிறைந்த வருடம், தாமிரபரணிக் கரையில் இருக்கும் என் அண்ணன் ஒரு பானை கெளுத்திக் குஞ்சுகளைப் புகைவண்டியில் கொண்டுவந்து விட்டார். கோவில்பட்டிக் கரிசலில் எங்களுக்கு மாடு வளர்த்துத்தான் பழக்கம். மாட்டுக்கு வைப்பதுபோலவே மீனுக்கும் மூன்று வேளையும் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொட்டினோம்.

சில நாளில் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"பாவம், பசிக்குது. இன்னும் ரெண்டு கை போடுட்டி" என்றார் என் வீட்டுக்காரர். முன்பு மழை பொய்த்த வருடம் மாடுகள் பட்டினி கிடந்ததைப் பார்த்தவர் அவர். போட்டேன். மறுநாள் இன்னும் நிறையக் குஞ்சுகள் மேலே வந்தன. இன்னும் நிறையப் போட்டோம்.

அடுத்த முறை வந்த அண்ணன் தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். "பசியில்ல தங்கச்சி, மூச்சு முட்டுது. தின்னாத புண்ணாக்கு அடியில அழுகிக் கிடக்கு. காலையில கொஞ்சம், பொழுதடைய கொஞ்சம் போட்டாப் போதும். இப்ப நல்ல தண்ணி விடணும்" என்றார்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அதற்குள் கோடை வந்து, கிணற்றில் ஊறியது எங்களுக்கும் மாடுகளுக்குமே போதவில்லை. அந்த வாரமே குஞ்சுகள் எல்லாம் செத்து மிதந்தன.

இப்போது எந்த உயிருக்குத் தீனி வைத்தாலும், முன்பு வைத்தது தீர்ந்ததா என்று பார்த்த பிறகே வைக்கிறேன். மறுபடி மீன் விட்டால் அதற்கும் அப்படித்தான் வைப்பேன். ஆனால் மழை இல்லை. குட்டை வெடித்துக் கிடக்கிறது. கொட்டிய புண்ணாக்கு மண்ணோடு மண்ணாகிவிட்டது. இந்த வருடம் மாட்டுக்கு வைக்கவே புண்ணாக்கு இல்லை.