கல்லுக்கு வைத்த முதல் உப்பு

இன்று காலை உப்புப் பாக்கெட்டைப் பிரித்து ஜாடியில் கொட்டினேன். மாவு மாதிரி விழுந்தது, ஒரு வாசமும் இல்லை. உப்புக்கு ஏது வாசம் என்று கேட்பீர்கள். மரக்காணத்து உப்பளத்தில் அப்போதுதான் வாரிய உப்பை மோந்து பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். சேறும் வெயிலும் கலந்த வாசம் அது. நினைத்தாலே எனக்கு ஒரு கல் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அனுமந்தைக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் வரலாற்று டீச்சர். பஸ்ஸை விட்டால் முந்திரித் தோப்பு வழியாக நடைதான். தோப்பின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் தனியாக நின்றது. "ஏன்டி குத்துக்கல்லாட்டம் நிக்கிற" என்று அம்மா திட்டியபோதெல்லாம் நான் நிஜக் குத்துக்கல்லைப் பார்த்ததில்லை. அன்று இரண்டு பேரும் எதிரெதிரே நின்றோம். படித்த படிப்பு அன்றைக்கு உதவியது. எந்தக் காலத்திலோ செத்துப்போன யாருக்கோ நட்டு வைத்த கல் அது. தொல்லியல் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன். கண்டுபிடித்தவள் என்று எனக்குப் பெயர் வந்தது. ஆடு மேய்த்தபடி ஊரே தினமும் பார்த்த கல்லை நான் கண்டுபிடித்தேனாம்.

கல்லுக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் மாதிரி ஒருவர் இருந்தார். தனகோட்டி அக்கா, அளத்தில் உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர். வருஷா வருஷம் முதல் உப்பில் ஒரு கூடையைக் கல்லின் காலடியில் கொட்டிவிட்டுத்தான் மூட்டை கட்ட விடுவார். ஏன் என்று கேட்டால், "அவருக்கு வெக்காம நாம எப்படி திங்கறது?" என்பார். 'அவர்' யார் என்று அக்காவுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குத் தவறாத நானும் ஒரு வருஷம் அந்தக் கூடைக்குக் கை கொடுத்தேன். பங்குச் சாமியாரிடம் மூச்சு விடவில்லை.

அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கல்லின் உயரத்தை விட்டுவிட்டு அடியையே பார்த்தார். வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரிந்திருந்தது. "உப்பு ஊறி அரிக்குதுங்க. இப்படியே போனா சாஞ்சிடும். வேலி போட்டுடறோம், இனிமே யாரும் உப்பு கொட்டக் கூடாது" என்றார். எனக்குக் கல் போய்விடுமோ என்று ஒரு பயம், இதை அக்காவிடம் யார் சொல்வது என்று இன்னொரு பயம்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எங்க உப்பு கல்லத் தின்னுதா? ஊரே அதத்தானே டீச்சர் சோத்துல போட்டுத் திங்குது?" என்று அக்கா சண்டைக்கு வந்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். விரல் பட்டதும் பொடி உதிர்ந்தது. அக்கா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்துப்போன தன் பாதத்தைக் கல்லின் பக்கத்தில் வைத்தார். "எங்க காலு மாதிரியே ஆயிடுச்சே இவருக்கும்" என்றார்.

வேலி போட்டபோது அக்கா தடுக்கவில்லை. முதல் உப்பையும் விட்டுவிடவில்லை. வேலிக்குள் நின்ற ஒரு முந்திரி மரத்தின் கவட்டையில் மண்சட்டி வைத்து அதில் போட்டார். கல்லின் கண்ணுக்கு எட்டும், காலில் படாது என்பது அவர் கணக்கு. அடியில் ஊறிக் கிடந்த உப்பு மண்ணையெல்லாம் வாரிக் கொட்டினோம். அந்தக் கோடை முழுக்க அக்கா, அளத்து வேலை முடிந்து வரும்போது கைப்பம்பில் நல்ல தண்ணீர் அடித்து, குடத்தில் தூக்கி வந்து கல்லின் அடியைக் கழுவினார். வேலிச் சாவி என்னிடம் இருந்ததால் திறந்துவிடுவது என் உத்தியோகம். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கல்லுக்குக் குளியலா என்று கேலி செய்தார்கள். ஆனால் உரிவது நின்றது. மறுபடி வந்த அதிகாரி தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கடுப்பாக இருந்தது.

போன வாரம் போய்ப் பார்த்தேன். கல் நேராக நிற்கிறது, பக்கத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை. தோப்பு மனைகளாகிவிட்டது. வேலிக்குள் இருந்த அந்த ஒரு முந்திரி மரம் மட்டும் தப்பித்திருக்கிறது. அக்கா வேலை செய்த அளம் இப்போது இறால் குட்டை.

அக்கா கோட்டக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஜாடியை மூடிய கையோடு போன் செய்தேன்.

"கல்லு நல்லா நிக்குதுக்கா. அடியில ஒரு ஏடு கூட உரியல."

"சட்டி?"

"இருக்குது."

"உப்பு வெக்கறாங்களா?"

"யாரும் வெக்கறதில்லக்கா."

"அப்புறம் அவர் காலு நல்லானது எதுக்கு டீச்சர்?" என்றார்.